கடலோரப் பூங்கா நடைபாதையில் கலைப்படைப்பு: கலைஞர் தேர்வு, ஒப்பந்தம், அஸ்திவாரம்

#1 பூங்கா_வார்டு

சென்னையில் கடலிலிருந்து ஏறக்குறைய 2 கி.மீ. உள்ளே ஒரு மாநகராட்சிப் பூங்கா. சுற்று நடைபாதை 900 மீட்டர், அகலம் 2.4 மீட்டர், தரை 60 மி.மீ. பேவர் பிளாக். பாதையோரம் கலைப்படைப்புகள் நிறுவ ஒரு தனியார் நிறுவனம் சி.எஸ்.ஆர். (நிறுவனச் சமூகப் பொறுப்பு) நிதியில் 40 லட்சம் வரை தரத் தயார். இடம் மாநகராட்சியுடையது, பராமரிப்பும் அவர்களே.

குடியிருப்போர் சங்கத்தில் பெரும்பாலானோர் சொல்வது: மூன்று ஃபேப்ரிகேட்டரிடம் (உலோக வேலைப் பட்டறைக்காரர்) கொட்டேஷன் வாங்கி, குறைந்த விலைக்காரருக்குக் கொடுத்தால் 12 சிலை வந்துவிடும். இது சரியான வழியா? எதை முதலில் செய்ய வேண்டும்?

#2 அளவுப்புத்தகம்

முதலில் முடிவாக வேண்டியது, பணம் யார் கையால் செலவாகிறது என்பது. 40 லட்சத்தை மாநகராட்சிக் கணக்கில் கட்டிவிட்டால் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998 முழுசாகப் பொருந்தும். எஸ்டிமேட், தொழில்நுட்ப அனுமதி, இரண்டு கவர் (தொழில்நுட்பம் தனி, விலை தனி), கடைசியில் எல்-1, அதாவது குறைந்த விலைக்காரர். கலைப்படைப்புக்கு எஸ்.ஓ.ஆரில் (அரசின் விலைப்பட்டியலில்) ரேட் கிடையாது. எனவே எஸ்டிமேட் போடுகிற உதவிப் பொறியாளர் அதை "எம்.எஸ். (சாதாரண எஃகு) ஃபேப்ரிகேஷன், கிலோ ஒன்றுக்கு" என்றுதான் எழுத முடியும். எடைக்கு விலை என்று வந்துவிட்டால் ஒப்பந்ததாரர் எடையைத்தான் கொடுப்பார்.

நிறுவனமே நேரடியாகச் செலவழித்து, முடிந்த படைப்பை மாநகராட்சிக்கு ஒப்படைத்தால் கலைஞரைத் தேர்ந்தெடுப்பதில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் அதற்கு மூன்று காகிதம் வேண்டும்: இடத்தைப் பயன்படுத்த மன்றத் தீர்மானத்தின் பேரில் அனுமதி, நிறுவனத்துக்கும் மாநகராட்சிக்கும் புரிந்துணர்வு ஒப்பந்தம், வேலை முடிந்ததும் ஒப்படைப்புக் கடிதம். கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். சொத்துப் பதிவேட்டில் ஏறாத பொருளுக்குப் பழுதுபார்க்கும் எஸ்டிமேட் போட முடியாது. போட்டால் தணிக்கையில் ஆட்சேபம் வரும். பூங்காக்களில் கை உடைந்த சிலைகள் வருஷக்கணக்கில் அப்படியே நிற்க இதுவும் ஒரு காரணம்.

சி.எஸ்.ஆர். பட்டியலில், அதாவது கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில், கலை, பண்பாடு இருக்கிறது. அந்தப் பக்கம் சிக்கல் இல்லை.

#3 நிழற்பாதை

12 வேண்டாம். நடுத்தர வேகத்தில் நடப்பவர் மணிக்கு 5 கி.மீ. போவார், நிமிடத்துக்கு 83 மீட்டர். 900 மீட்டரை 11 நிமிடத்தில் முடித்துவிடுவார். 12 வைத்தால் நிமிடத்துக்கு ஒன்றுக்கு மேல் எதிர்ப்படும். ஒன்றையும் நின்று பார்க்கத் தோன்றாது. விலையையும் பாருங்கள்: 40 லட்சத்தை 12ஆல் வகுத்தால் ஒன்றுக்கு 3.3 லட்சம். அந்தப் பணத்துக்குக் கிடைப்பது ஃபைபரில் வார்த்த மானும் நாரையும்தான்.

நான்கு வையுங்கள், அதிகபட்சம் ஐந்து. இடைவெளி சமமாக இருக்கக் கூடாது. பாதை வளையும் இடம், இரண்டு பாதை பிரியும் இடம், நீண்ட நேர்ப்பகுதியின் முடிவு என்று தூரத்திலிருந்தே கண்ணை இழுக்கும் இடங்களைத் தேர்ந்தெடுங்கள். பாதை விளிம்பிலிருந்து குறைந்தது 1.5 மீட்டர் உள்ளே தள்ளி, எதிரே பாதையை ஒட்டி 2 மீட்டருக்கு 2 மீட்டர் தனித் தளம். படம் எடுக்க நிற்பவர்கள் அந்தத் தளத்தில் நிற்பார்கள், 2.4 மீட்டர் பாதையில் நின்றால் பின்னால் வருகிற வரிசையே நின்றுபோகும். தளமும் பாதையும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும், சக்கர நாற்காலிக்கு. சரிவு தவிர்க்க முடியாது என்றால் 20க்கு 1.

மரங்களைக் கவனியுங்கள். கிளை பரவல் எவ்வளவோ அதற்குள் அஸ்திவாரம் தோண்டக் கூடாது. நாவல் மரத்தடியில் வெளிர் நிறக் கல் வைத்தால் ஜூன், ஜூலையில் ஊதாக் கறை. நாட்டு வாதுமை இலைச்சாறும் கான்கிரீட்டில் பழுப்பாக இறங்கும். தூங்குமூஞ்சி நிழலுக்கு நல்லது. ஆனால் கொக்கும் காகமும் அடைகிற மரமா என்று மாலை ஆறு மணிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். எச்சம் விழுந்தால் பெயின்ட் மங்கும், வெண்கலத்தில் பச்சைத் திட்டு வரும். குல்மோகர் பக்கம் எதுவும் வேண்டாம். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது இந்த ரகம் சாய்ந்தது ஊருக்கே தெரியும்.

#4 தினமும்_ஆறுமணி

நடக்கிறவர்கள் சார்பில் ஒரு வார்த்தை. எட்டு வடிவப் பாதை பக்கமும் திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகள் பக்கமும் எதையும் கொண்டுவந்து வைக்காதீர்கள். காலை ஆறு முதல் எட்டு வரை அங்கே நிற்கவே இடமிருக்காது. வெயிலில் நிற்கும் இரும்பு பெஞ்ச் மாதிரி "உட்காரும் கலை" என்று எதையாவது வைத்துவிட்டு, அதில் யாரும் உட்காரவில்லை என்று பிறகு குறைப்படவும் வேண்டாம்.

#5 நிழற்பாதை

சரியான புகார். மே மாத மதிய வெயிலில் அடர்நிறத் தகடு 60 டிகிரியைத் தாண்டும். கை படும், உட்காரும் இடமெல்லாம் கல்லோ மரமோ இருக்கட்டும், அதுவும் நிழலில்.

#6 காற்றழுத்தம்

கொட்டேஷன் வாங்குவதற்கு முன்னால் காற்றுக் கணக்கு. காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதிப்படி சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர். கோயம்புத்தூருக்கு 39தான். அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அங்கே நிற்கும் அதே டிசைன் இங்கே ஒன்றரை மடங்குக்கு மேல் தாங்க வேண்டும். வெளியூரில் பார்த்து வந்த அளவைக் காப்பியடிக்காதீர்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு. 3 மீட்டர் உயரம், 2 மீட்டர் அகலத்தில் தரையிலிருந்தே எழும் தகடு ஒன்று:

அழுத்தம் = 0.6 × 50 × 50 = சதுர மீட்டருக்கு 1500 நியூட்டன்.
பரப்பு 6 ச.மீ. என்றால் 9000 நியூட்டன். தட்டைத் தகட்டுக்கான கெழு (வடிவத்தைப் பொறுத்த பெருக்கல் எண்) 1.2ஆல் பெருக்கினால் 10.8 கிலோநியூட்டன், ஏறக்குறைய 1.1 டன் கிடைமட்டத் தள்ளல்.
விசை செயல்படும் புள்ளி தரைக்கு மேல் 1.5 மீட்டர். 0.6 மீட்டர் ஆழ ஃபுட்டிங்கின் (அஸ்திவாரக் கான்கிரீட்) அடிமட்டத்திலிருந்து 2.1 மீட்டர்.
கவிழ்க்கும் திருப்புத்திறன் = 10.8 × 2.1 = 22.7 கி.நியூ.மீ.

இப்போது ஃபுட்டிங். 1.5 × 1.5 × 0.6 மீட்டர் கான்கிரீட் 32 கிலோநியூட்டன் எடை. பாதி அகலம் 0.75ஆல் பெருக்கினால் 24. அதாவது கவிழாமல் மயிரிழையில் நிற்கிறது. இதை ஏற்க முடியாது. அதையே 1.8 × 1.8 × 0.6 ஆக்கினால் 46.7 × 0.9 = 42. பாதுகாப்புக் காரணி 1.85. பக்கத்துக்கு 30 செ.மீ. கூட்டினால் இவ்வளவு வித்தியாசம். ஃபேப்ரிகேட்டர் கொட்டேஷனில் வழக்கமாக வருவது "2 அடிக்கு 2 அடி கான்கிரீட்". அது கேட் தூணுக்குப் போடுகிற அளவு.

தகட்டில் 40 சதவீதம் துளை இருக்கிறது, காற்றும் 40 சதவீதம் குறையும் என்பார்கள். குறையாது. துளை விளிம்பு ஒவ்வொன்றும் காற்றை இழுக்கும். மிச்சமிருக்கும் உலோகப் பரப்புக்குக் கெழு ஏறிவிடும். மெலிந்த உயரமான கம்பங்களில் இன்னொரு ஆபத்து அதிர்வு. புயலில் விழாத கம்பம், சாதாரணக் காற்றில் மாதக்கணக்கில் ஆடி அடி வெல்டில் வெடித்து விழும்.

பேஸ் பிளேட் 500 × 500 × 20 மி.மீ., கால்வனைஸ் செய்த (துத்தநாகம் பூசிய) எம்20, அதாவது 20 மி.மீ. போல்ட் நான்கு, கான்கிரீட்டுக்குள் 450 மி.மீ. போல்ட்டுகளை டெம்ப்ளேட் தகட்டில் பூட்டித்தான் கான்கிரீட் போட வேண்டும். கையால் ஊன்றினால் 10 மி.மீ. விலகும், தளத்துக்கு வந்த பிறகு துளையை கேஸ் கட்டரால் அகலமாக்குவார்கள், கால்வனைசிங் அங்கேயே போச்சு. பிளேட்டுக்கு அடியில் 25 முதல் 40 மி.மீ. சுருங்காத கிரவுட் (இடுக்கை நிரப்பும் கலவை).

மண் பரிசோதனை அறிக்கை இல்லாமல் எந்த அளவும் இறுதி இல்லை. பெசன்ட் நகர் மணல் வேறு, பள்ளிக்கரணைப் பக்கத்துச் சதுப்புக் களி வேறு. ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியருக்கான கட்டணத்தை மிச்சம் பிடிக்க நினைப்பது யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுகிற கதை.

#7 வெல்டுமணி

காத்து கணக்கு சரி. நம்ம ஊர்ல காத்துல விழுறதைவிட துருவுல விழுறதுதான் ஜாஸ்தி.

கடல்லேர்ந்து 2 கி.மீ.ன்னா உப்புக் காத்து நிச்சயம். கார்ட்டன் ஸ்டீல் (மேல் துருவே பூச்சு மாதிரி காக்கிற எஃகு) கேட்டு ஆர்க்கிடெக்ட் யாராவது வந்தா வேண்டாம்னு சொல்லிடுங்க. அந்தத் துரு ஒரு கட்டத்துல இறுகி நிக்கணும். உப்பு இருந்தா இறுகாது, உதிர்ந்துகிட்டே இருக்கும். கீழ இருக்கிற கல்லுல, பேவர்ல ஆரஞ்சுக் கறை ஓடும்.

எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்)னு மட்டும் ஸ்பெக்ல எழுதினா 304 ரகம் வரும், சில இடத்துல 202கூட வரும். உப்பை நல்லா தாங்குற 316ன்னு எழுதுங்க, மில் டெஸ்ட் சர்டிபிகேட் (ஆலை தர்ற கலவைச் சான்று) கேளுங்க. காந்தம் வெச்சுப் பார்த்து முடிவு பண்ணாதீங்க, 304க்கும் 316க்கும் காந்தம் வித்தியாசம் காட்டாது. 304ல இல்லாம 316ல இருக்கிற மாலிப்டினத்தைச் சோதிக்கிற சொட்டு மருந்து கடையில கிடைக்குது. வெல்டு பண்ண இடத்துல நீலம், பழுப்பு நிறம் இருக்கும். அதைப் பிக்ளிங் பேஸ்ட் (அமிலப் பசை) போட்டு எடுக்கலைன்னா 316 போட்டும் பிரயோஜனம் இல்லை, அங்கேதான் முதல்ல துரு பிடிக்கும். எம்.எஸ். கட் பண்ண அதே கிரைண்டிங் டிஸ்க்கை எஸ்.எஸ்.ல வெச்சாலும் அதே கதி.

எம்.எஸ்.தான் பட்ஜெட்னா ஒழுங்கா பெயின்ட் பண்ணுங்க:
மணல் வீச்சு எஸ்ஏ 2.5 (கிட்டத்தட்ட வெறும் உலோகம் தெரியுற சுத்தம்) வரைக்கும். எமரி தாள் தேய்ச்சா போதாது.
நாலு மணி நேரத்துக்குள்ள ஜிங்க் ரிச் எபாக்ஸி பிரைமர், 60-75 மைக்ரான்.
எபாக்ஸி எம்.ஐ.ஓ. (இரும்பு ஆக்சைடு கலந்த) நடுக்கோட்டு, 100-125 மைக்ரான்.
மேல பி.யூ. (பாலியூரித்தேன்) கோட்டு, 50-60 மைக்ரான். எபாக்ஸியை மேல் கோட்டா விட்டா வெயிலுக்கு ஒரு வருஷத்துல வெளுத்துப் பவுடரா வரும்.

கனம் அளக்கிற டி.எஃப்.டி. மீட்டரை எடுத்துகிட்டு பட்டறைக்கு ஆள் வரணும். வந்து அளப்பாங்கன்னு தெரிஞ்சாலே பாதி வேலை ஒழுங்கா நடக்கும்.

கால்வனைசிங் இன்னும் நல்லது. ஆனா தொட்டி அளவு தெரிஞ்சுதான் டிசைனே போடணும், பெரிய பீஸை ரெண்டா பிரிச்சு போல்ட் பண்ற மாதிரி. மூடின பைப்பை அப்படியே முக்கவே கூடாது. 450 டிகிரி துத்தநாகத்துல உள்ள இருக்கிற காத்தும் ஈரமும் வெடிக்கும், ஆள் உயிருக்கே ஆபத்து. மேலயும் கீழயும் 10-12 மி.மீ. ஓட்டை கட்டாயம். அந்தக் கீழ் ஓட்டையே பின்னால மழைத்தண்ணி வடியவும் உதவும்.

#8 உளிச்சத்தம்

இவ்வளவு ஸ்பெக் எழுதி, வருஷா வருஷம் பெயின்ட் அடிக்க ஆள் தேடுறதுக்குக் கல்லுலயே செஞ்சுடலாமே. மாமல்லபுரத்துல ஏழாம் நூற்றாண்டுச் சிற்பம் உப்புக் காத்துலதான் நிக்குது. சென்னையிலிருந்து ஒன்றரை மணி நேரத்துல பட்டறைக்குப் போய் வேலையை நேர்ல பார்க்கலாம். 1957ல தொடங்கின அரசு சிற்பக் கல்லூரி அங்கேயே இருக்கு. அங்க படிச்ச சிற்பிகள் நிறைய பேர் நவீன வடிவமும் செய்றாங்க, சாமி சிலை மட்டும் இல்லை.

கல்லை வாங்கும்போது ரெண்டு சோதனை. சுத்தியலால தட்டினா மணி மாதிரி ஓசை வரணும்; மந்தமா "டப்"னு கேட்டா உள்ள வெடிப்பு. அடுத்து முழுக்கத் தண்ணி ஊத்தி காய விடுங்க. கல் காஞ்ச பிறகும் எங்கேயாவது மெல்லிசா ஒரு கோடு ஈரமா நின்னா அது மயிர் வெடிப்பு. வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இதை வாங்குறவங்க கண் முன்னால செய்யச் சொல்லுங்க. செதுக்கி முடிச்ச பிறகு தெரிஞ்சா அரால்டைட்டும் கல் தூளும் கலந்து அடைச்சு மெருகு போட்டுடுவாங்க, ரெண்டு கோடை தாண்டினா பல்லிளிக்கும்.

கை, விரல், மெல்லிசா நீட்டின பகுதி எல்லாம் பொதுப் பூங்காவுக்கு ஆகாது. கிரிக்கெட் பந்து போதும். வடிவம் ஒரே திரளா இருக்கட்டும்.

#9 வெல்டுமணி

அண்ணே, கல் நல்லதுதான், இல்லைங்கல. ஏத்தி இறக்குற செலவையும் சொல்லிடுங்க.

#10 உளிச்சத்தம்

சொல்றேன் தம்பி. கருங்கல் கன மீட்டருக்கு 2.7 டன். 0.9 × 0.9 × 2 மீட்டர் கல் 4.4 டன் வரும். ஹைட்ரா கிரேன்ல "14 டன்"னு எழுதியிருக்கிறது பூமை (கிரேனோட கையை) சுருக்கி, பக்கத்துல தூக்கும்போது. பூமை நீட்ட நீட்ட தாங்குற எடை விழுந்துடும். பாதையில வண்டியை நிறுத்தி 6 மீட்டர் தள்ளி இறக்கணும்னா அந்த வண்டி போதாமலும் போகும். லோடு சார்ட் பார்த்துட்டு வண்டி சொல்லுங்க. கேட் அகலம், கேட்டுக்கு மேல வளைவு இருந்தா அதோட உயரம், தாழ்வாப் போற கேபிள் எல்லாம் முன்னாடியே அளந்து வெச்சுக்கணும்.

நிறுத்துறதுக்கு எஸ்.எஸ். 316 கம்பி, 20 மி.மீ. கனம், கல்லுக்குள்ள 200, பீடத்துக்குள்ள 200 மி.மீ., எபாக்ஸி கிரவுட். சாதா முறுக்குக் கம்பி வெச்சா அது துருப்பிடிச்சு உப்பி கல்லையே பிளந்துடும்.

#11 காற்றழுத்தம்

60 மி.மீ. பேவர் நடப்பவர்களுக்கானது, லாரியோ ஹைட்ராவோ ஏறினால் நொறுங்கி மணலோடு அமிழும். வண்டி போகிற வழி முழுக்க எம்.எஸ். தகடு விரிக்க வேண்டும், அல்லது அந்த நீளத்துக்குப் பேவரைப் பெயர்த்துவிட்டு வேலை முடிந்ததும் மறுபடி பாவ வேண்டும். இரண்டில் எது என்றாலும் எஸ்டிமேட்டில் தனி வரியாகப் போடுங்கள். விட்டால் மாநகராட்சி உங்களிடம்தான் பாதையைச் சரிசெய்யச் சொல்லும்.

#12 பூங்கா_வார்டு

நன்றி. பழைய இரும்புக் கழிவில் செய்யும் சிற்பம், எஃப்.ஆர்.பி. (கண்ணாடி இழை) சிலை, சுற்றுச்சுவர் ஓவியம் இவை மூன்றும் எப்படி? மலிவாக முடியும் என்கிறார்கள். தலைவர் ஒருவருக்குச் சிலை வைக்க வேண்டும் என்றும் ஒரு கோரிக்கை இருக்கிறது.

#13 வெல்டுமணி

ஸ்கிராப்: பைக் செயின், கியர், ஸ்பிரிங், வார்ப்பிரும்பு, எஸ்.எஸ். எல்லாத்தையும் ஒண்ணா வெல்டு பண்றது. வார்ப்பிரும்பு சாதா ராடுல நிக்காது, வெடிக்கும். செயின் இடுக்குல பிரைமர் போகாது, முதல் மழையிலேயே துரு. எண்ணெய் ஊறின பாகத்துல பெயின்ட் பிடிக்காது. குழந்தைங்க கை வைக்கிற உயரத்துல கூர் முனை நூறு இருக்கும். கூரைக்கு அடியில வைக்கலாம், பூங்காவுல வேண்டாம்.

எஃப்.ஆர்.பி.: மேல ஜெல் கோட்டு மெல்லிசா அடிச்சிருந்தா வெயில்ல நார் வெளிய தெரியும், தொட்டா அரிக்கும். உள்ள எம்.எஸ். ஃபிரேம் வெச்சு மூடிடுவாங்க, அது துருப்பிடிக்கிறது வெளிய தெரியவே தெரியாது. ஒருநாள் குழந்தை ஏறி உக்காந்தப்ப கால் உடையும்.

#14 நிழற்பாதை

சுவர் ஓவியம் நல்ல வழிதான். சென்னை கண்ணகி நகரில் குடியிருப்புச் சுவர்களில் பெரிய அளவில் செய்து காட்டியிருக்கிறார்கள். ஆனால் அது நிரந்தரம் இல்லை என்று தெரிந்தே செய்ய வேண்டும். மேற்கு வெயில் படும் சுவரில் நான்கைந்து வருடத்தில் நிறம் இறங்கும். புதுப் பூச்சு 28 நாள் காய வேண்டும், பிறகு காரத்தைத் தாங்கும் பிரைமர். பூங்காச் சுற்றுச்சுவர்களில் உண்மையான எதிரி கீழிருந்து ஏறும் ஈரம். உப்புப் பூத்து, அரையடி உயரத்துக்குப் பெயின்ட் பொரிந்துவிடும். தரையிலிருந்து 45 செ.மீ. வரை கருங்கல் பதித்து, ஓவியத்தை அதற்கு மேலே தொடங்குங்கள். சேறு தெறிப்பதும், மற்றதும், அந்தக் கல்லோடு போகும். கழுவிவிடலாம்.

#15 அளவுப்புத்தகம்

தலைவர் சிலைப் பேச்சை இந்தத் திட்டத்திலிருந்து அடியோடு வெட்டிவிடுங்கள். பொதுச் சாலை, நடைபாதை, மற்றப் பொதுப் பயன்பாட்டு இடங்களில் சிலைக்கு அனுமதி தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் உத்தரவிட்டது. அழகுபடுத்தும் பணிக்கு விலக்கு உண்டு. உங்கள் கோப்பு அந்த விலக்கில் நிற்கிறது. ஒரு தலைவர் முகம் உள்ளே வந்தால் கோப்பு வேறு மேசைக்குப் போய்விடும். அதன் பிறகு கூண்டு, பாதுகாப்பு, மாலை என்று கதை வேறு.

#16 உளிச்சத்தம்

இதோட சேர்த்து இன்னொண்ணு. வேப்பமரமோ அரசமரமோ இருந்து, அதுக்கடியில கிழக்குப் பார்த்து நிமிர்ந்த கல் ஒண்ணு நின்னா, அதுக்கு முகம் இருக்கணும்னு அவசியமே இல்லை. மஞ்சள் குங்குமம் வந்துடும், அடுத்த ஆடியில துணி கட்டி விளக்கு வைப்பாங்க, அப்புறம் தகரக் கூரை. எடுக்கச் சொன்னா சண்டை. அதனால மரத்தடியில படுக்கை வாக்குல வடிவம், நிமிர்ந்த வடிவம் வெட்டவெளியில. டிசைன் போடுறப்பவே சிற்பிகிட்ட இதைச் சொல்லிடணும்.

#17 பூங்கா_வார்டு

சிரித்தாலும் உண்மை. சரி, கலைஞரை எப்படித் தேர்ந்தெடுப்பது, பணத்தை எப்படிப் பிரிப்பது?

#18 நிழற்பாதை

இரண்டு கட்டம். முதலில் அழைப்பு: பழைய வேலைகளின் படங்கள், ஒரு பக்க அணுகுமுறை, அவ்வளவுதான். டிசைன் கேட்காதீர்கள், இலவசமாக டிசைன் கேட்டால் நல்ல கலைஞர்கள் விண்ணப்பிக்கவே மாட்டார்கள். எழும்பூர் கவின் கலைக் கல்லூரி, சோழமண்டலம் கலைஞர் கிராமம், மாமல்லபுரம் வட்டாரங்களுக்கு அழைப்பு போய்ச் சேர்ந்ததா என்று உறுதி செய்யுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் வெளியிட்டால் பாதிச் சிற்பிகளுக்கு எட்டாது.

அதிலிருந்து நான்கைந்து பேர். ஒவ்வொருவருக்கும் 30,000 ரூபாய் கொடுத்து, இடத்தைச் சுற்றிக் காட்டி, ஆறு வாரத்தில் முன்மொழிவு: பத்தில் ஒரு பங்கு அளவில் மாதிரி, பொருள் விவரம், எடை, பராமரிப்பு முறை, விலை. குழுவில் ஐந்து பேர் போதும்: கலைஞர் இருவர், நிலத்தோற்ற வடிவமைப்பாளர் ஒருவர், மாநகராட்சிப் பொறியாளர், குடியிருப்போர் பிரதிநிதி. பணம் தரும் நிறுவனம் பார்வையாளராக இருக்கலாம், ஓட்டு வேண்டாம். கொடுத்தால் லோகோ நிறத்தில் சிற்பம் வரும்.

அழைப்பில் கொடுக்க வேண்டியவை: இட வரைபடம், மரங்கள், வெள்ளம் ஏறிய உயரம், மண் அறிக்கை, கேட் அகலம், மின் இணைப்பு எங்கே, உச்சபட்சத் தொகை. தொகையை மறைத்து வைப்பதில் ஒரு லாபமும் இல்லை.

பாதுகாப்பு விதிகளையும் அப்போதே சொல்லிவிடுங்கள். 9 முதல் 23 செ.மீ. வரையிலான இடைவெளியில் குழந்தையின் உடல் நுழைந்து தலை மாட்டும்; ஒன்று அதைவிடச் சிறியதாக வேண்டும் அல்லது பெரியதாக. 8 முதல் 25 மி.மீ. துளையில் விரல் மாட்டும். விளிம்பு எல்லாம் 3 மி.மீ. உருட்டல். 60 செ.மீ.க்கு மேல் ஏறக் கால் வைக்கும் படி இருக்கக் கூடாது. இருந்தால் கீழே மணல் படுகை. "ஏறாதீர்" என்ற பலகை யாரையும் தடுக்காது.

#19 அளவுப்புத்தகம்

40 லட்சத்துக்கு ஒரு வேலைப் பங்கீடு, இழுத்துக் குறைத்துக்கொள்ளலாம்:

முன்மொழிவுக் கட்டணம், தேர்வு: 2 லட்சம்
கலைஞர் கட்டணம்: 6
மண் பரிசோதனை, ஸ்ட்ரக்சுரல் டிசைன்: 1.5
பொருள், செய்கூலி: 17
ஏற்றி இறக்குதல், நிறுவுதல், பாதை சரிசெய்தல்: 3.5
அஸ்திவாரம், பார்க்கும் தளம்: 4
விளக்கு: 1.5
எதிர்பாராச் செலவு: 4
காப்பீடு, பெயர்க்கல்: 0.5

ஜி.எஸ்.டி. இந்தத் தொகைகளுக்குள்ளா வெளியேவா என்று அழைப்பிலேயே எழுதுங்கள். அது கடைசியில் முளைத்தால் ஒரு சிற்பம் காணாமல் போகும்.

அஸ்திவாரத்தைச் சிற்பியிடம் கொடுக்காதீர்கள். சிவில் ஒப்பந்ததாரர் தனி. ஆனால் போல்ட் டெம்ப்ளேட் சிற்பி தரப்பிலிருந்துதான் வர வேண்டும். இரண்டு பேருக்கும் நடுவில் விழும் தவறு எப்போதும் அதில்தான்.

பணம் கொடுக்கும் படிகள்: ஒப்பந்தத்தில் 20 சதவீதம், பொருள் பட்டறைக்கு வந்து பார்த்தபின் 30, முடிந்த வேலையைப் பட்டறையில் ஒப்புக்கொண்டபின் 30, நிறுவியபின் 15, ஒரு வடகிழக்குப் பருவமழை தாண்டியபின் 5. கலைஞரிடம் வங்கி உத்தரவாதம் கேட்டால் கிடைக்காது. பட்டறையில் இருக்கும் கல்லுக்கும் உலோகத்துக்கும் இழப்பை ஈடுகட்டுவதாக ஈட்டுறுதிப் பத்திரம் எழுதி வாங்குங்கள், போதும்.

பதிப்புரிமையை மறக்காதீர்கள். 1957 சட்டத்தின் 57ஆம் பிரிவுப்படி, படைப்பை விற்ற பிறகும் அதைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமை கலைஞரிடம் இருக்கிறது. டெல்லி விஞ்ஞான் பவனிலிருந்து 1979ல் கழற்றிய வெண்கலச் சுவர்ச் சிற்பத்துக்காக அமர்நாத் சேகல் வழக்குப் போட்டு, 2005ல் 5 லட்சம் இழப்பீடும் மிஞ்சிய பாகங்களும் தர வேண்டும் என்று தீர்ப்புப் பெற்றார். பாதையை அகலப்படுத்தும்போது படைப்பை நகர்த்த நேர்ந்தால் கலைஞருக்கு 60 நாள் முன்னறிவிப்பு, எடுத்துக்கொள்ள முதல் வாய்ப்பு, எத்தனை வருடத்துக்குப் பராமரிக்கக் கடமை என்பதையெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். படம் அச்சிடும் உரிமை யாருக்கு என்பதையும்.

#20 காற்றழுத்தம்

விளக்குக்கு 24 வோல்ட் டி.சி., ஐபி67 (தூசியும் நீரும் புகாத தரம்). டிரைவர் பெட்டி 2015 வெள்ள மட்டத்துக்கு மேலே. 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) கட்டாயம், உலோகப் படைப்புக்கு எர்த் தனியாக. செம்பு கேபிளைக் குழாய்க்குள் விட்டு கான்கிரீட்டில் மூடுங்கள், இல்லையென்றால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பித்தளைப் பெயர்ப்பலகையும் நிற்காது. கருங்கல்லில் எழுத்தை வெட்டிவிடுங்கள், பக்கத்தில் பிரெயில் தகடு ஒன்று எஸ்.எஸ்.ஸில்.

#21 தினமும்_ஆறுமணி

தண்ணீர் தேங்கும் குழி உள்ள வடிவம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லையே. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும்.

#22 உளிச்சத்தம்

நியாயம். மேல் பரப்பு எல்லாத்துக்கும் சரிவு, குழிவுக்கு அடியில 25 மி.மீ. துளை. மாதிரி வரும்போதே மேல தண்ணி ஊத்திப் பாருங்க, எங்க நிக்குதுன்னு அப்பவே தெரிஞ்சிடும்.

#23 பூங்கா_வார்டு

இப்போது பிப்ரவரி. அடுத்த ஜனவரிக்குள் முடியுமா?

#24 அளவுப்புத்தகம்

முடியும், அஸ்திவாரம் அக்டோபருக்கு முன் முடிந்தால். மார்ச், ஏப்ரலில் அனுமதியும் மண் பரிசோதனையும். மே மாதம் அழைப்பு, ஜூன் தேர்வு, ஜூலை கடைசிக்குள் முன்மொழிவு, ஆகஸ்ட் முதல் வாரம் முடிவு. ஆகஸ்ட், செப்டம்பரில் ஃபுட்டிங். பட்டறை வேலை மழைக்காலத்தில் நடக்கட்டும், கல்லுக்கு நான்கு மாதம் வேண்டும். ஈர மண்ணில் ஹைட்ரா இறங்காது, அதனால் நிறுவுவது ஜனவரி பொங்கலுக்குப் பிறகு. ஃபுட்டிங்கில் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் மரைகளுக்குக் கிரீஸ் தடவி, பி.வி.சி. குழாய் மாட்டி, மேலே மரப்பெட்டி கவிழ்த்து வையுங்கள். நான்கு மாதத்தில் யாராவது தடுக்கி விழக் கூடாது. மரையும் துருப்பிடிக்கக் கூடாது. மாநகராட்சி அனுமதியைத் தேர்தல் அறிவிப்புக்கு முன் வாங்கிவிடுங்கள். நடத்தை விதி வந்தால் கோப்பு நகராது.

#25 வெல்டுமணி

ஒப்படைக்கும்போது பெயின்ட் கலர் நம்பர், கல்லுக்கு எந்த சோப்பு, போல்ட் சைஸ் எல்லாம் ரெண்டு பக்கத்துல தமிழ்ல அச்சடிச்சு லேமினேட் பண்ணி பூங்கா காவலாளி அறையில மாட்டுங்க. ஆசிட் ஊத்திக் கழுவக் கூடாதுன்னு பெரிய எழுத்துல போடுங்க. டாய்லெட் கழுவுற ஆசிட்டையே கல்லுக்கும் எஸ்.எஸ்.க்கும் ஊத்திடுவாங்க. ரெண்டு லிட்டர் டச்-அப் பெயின்ட்டும் மிச்ச போல்ட்டும் அங்கேயே ஒரு பெட்டியில இருக்கட்டும். பெயின்ட் டப்பா மேல காலாவதி தேதி பார்த்து மாத்தச் சொல்லுங்க.